பேர் சொல்லாதது

வெப்மெயில் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மலையடிவார ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ரேணுகாதேவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழையில் இரண்டு நாள் அறுந்து கிடந்த மலை இன்டர்நெட் லைன், இன்று காலை எட்டு மணிக்குத்தான் உயிர் பெற்றது. மலைமேல் இருக்கும் ஆறு துணைச் சுகாதார மையங்களின் மெயில்களும் ஒரேயடியாக வந்து விழுந்ததில் ஆஸ்பத்திரி சர்வர் திணறியது.

மேலே செல்போன் எடுக்காது. மெயிலை விட்டால் வேறு வழியில்லை.

டாக்டர் ஆதிநாராயணன் போளூர் மீட்டிங்குக்குக் கிளம்பி நின்றார். பாம்புக்கடி எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் ஜீப்பில் ஏறுவார். இருப்பது ஒரே ஜீப்; விஷமுறிவு மருந்தும் அதில்தான். சென்னைக்காரர் என்றாலும் இந்த விஷயத்தில் கறார்.

தேடினாள். பிழை என்று வந்தது. மெயில்களைத் தேட உதவும் பட்டியலான இண்டெக்ஸ் கெட்டிருந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

மெயில்களும் சேர்ந்து அழிந்துவிட்டால்? அழியாது என்று படித்திருக்கிறாள். இருந்தும் குலசாமியை நினைத்துக்கொண்டு என்டரைத் தட்டினாள்.

பத்து சதவீதம். முப்பது. எழுபதில் நின்றுகொண்டு நகருவேனா என்று அடம் பிடித்தது.

நூறு.

நானூற்றுப் பன்னிரண்டு மெயில்களும் பத்திரமாக இருந்தன. எல்லாவற்றுக்கும் 'தினசரி அறிக்கை' என்று ஒரே தலைப்பு.

'பாம்பு' என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை.

அதைக் கேட்டு டாக்டர் நிம்மதியாகப் படியிறங்கினார். அவளுக்கும் மூச்சு வந்தது.

சும்மா சரிபார்க்கத்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த மெயிலைத் திறந்தாள். அனுப்பியது இளவரசி. போன மாதம் சேர்ந்த நர்ஸ், மலையிலேயே பிறந்த பெண்.

'செல்லிக்குக் கண் இமை தூக்க முடியவில்லை. ஜீப் இன்னும் வரவில்லை.'

அதற்கு முந்தையது எட்டு பத்துக்கு வந்திருந்தது.

'செல்லி, ஒன்பது வயது. பூச்சி தொட்டுவிட்டது. உடனே ஜீப் வேண்டும்.'

ரேணுகாதேவி வீட்டிலும் பாம்பின் பேரைச் சொல்ல மாட்டார்கள்; பூச்சி என்பார்கள்.

வாசலுக்கு ஓடினாள். ஜீப் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. அப்போதும் அந்தப் பேர் அவள் வாயில் வரவில்லை.

"டாக்டர்! பூச்சி தொட்டுட்சிங்க! இளவரசி மெயில் போட்டுக்கீறா!"

ஜீப் நின்றது. டாக்டர் எரிச்சலோடு தலையை நீட்டினார்.

"ஒரு பூச்சிக்கா இப்படிக் கத்துறீங்க?"

டிரைவர் முனியனுக்கு அந்தப் பேச்சு தெரியும். ஜீப்பை மலைப்பக்கம் திருப்பிவிட்டார்.