ஐந்து நட்சத்திரத் திருட்டு முழி

தர ஆய்வாளருக்கு அலுவலகத்தில் ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும். தெரிந்தது மட்டுமல்ல, உள்ளூர ஏகப் பெருமை.

மோட்டார் கம்பெனிகள் ஒட்டுகிற நட்சத்திர லேபிள் நிஜமா, டூப்பா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வாங்கும் மின்சாரத்தை வீணாக்காமல் உழைக்கிற மோட்டாருக்கு ஐந்து நட்சத்திரம். மின்சாரத்தை மொக்கிவிட்டு சும்மா சூடாகிக்கொண்டிருக்கும் சோம்பேறிக்கு ஒன்றே ஒன்று. கிடங்கில் ஏதாவது ஒரு மோட்டாரை எடுத்துச் சோதிப்பார். தேறினால் மொத்தச் சரக்குக்கும் கையெழுத்து. தேறாவிட்டால் லேபிள் உரிமம் ரத்து, கம்பெனிக்குப் பூட்டு.

“எதை எடுக்கிறதுன்னு நான் மோட்டாரைப் பாத்து முடிவு பண்ணவே மாட்டேன். முதலாளி மூஞ்சியைத்தான் பாப்பேன்!” என்று தயாரிப்பாளர்கள் கூட்டத்திலேயே மைக்கைப் பிடித்துச் சொன்னவர் அவர். சும்மா சொல்லக்கூடாது, இந்த வருடம் மட்டும் பதினோரு கம்பெனி மாட்டியிருந்தது.

பன்னிரண்டாவது கம்பெனிக்குள் காலை பத்து மணிக்கு நுழைந்தார். ஒரு ஷெட், ஆறு தொழிலாளிகள், பின்னால் கிடங்கு. முதலாளி உற்பத்தியைப் பார்த்துக்கொண்டார், அவர் மனைவி ஸ்டோரை, மனைவியின் தம்பி விற்பனையை. பூட்டுப் போட்டால் மூன்று பேரும் நடுத்தெருவுக்கு வரவேண்டியதுதான்.

கிடங்கில் மோட்டார்கள் நீலப் பெயின்ட்டில் பளபளவென்று, ஆளுக்கு ஐந்து நட்சத்திரத்துடன் நின்றன.

“முன்வரிசையிலயே எடுத்துக்கங்க சார், கைக்கு வசதியா இருக்கும்” என்றார் முதலாளி.

“என் வசதியை நான் பாத்துக்கறேன்.”

முதல் வரிசையைத் தாண்டினார். முதலாளி முகத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது வரிசை. மச்சினன் கொட்டாவி விட்டான். ஆய்வாளர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். மொத்தம் முப்பத்தொன்பது. பதிவேட்டிலோ நாற்பது.

மெல்ல மூலைப் பக்கம் திரும்பினார். முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது.

மூலையில் காலி அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒன்று.

“அது என்ன?”

“எது சார்?”

“அதோ, அது.”

“அது... சாக்கு சார்.”

“சாக்குக்கு உள்ள?”

முதலாளி திருதிருவென்று முழித்தார். மச்சினன் நைசாக நகர்ந்து அட்டைப்பெட்டிகளை மறைத்து நின்றான். அந்த நேரம் பார்த்தா மனைவி உள்ளே வரவேண்டும்? “ஏங்க, மூலையில இருக்கறதை அந்த ஆளு பாக்கலையே?” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஆய்வாளரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆய்வாளருக்கு ஜிவ்வென்று ஏறியது. பன்னிரண்டு!

“தம்பி, நகருங்க.”

“சார், அது வேணாம் சார். மத்ததுல எதை வேணும்னாலும் எடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“எனக்குப் புண்ணியம் வேணாம். அதைத் தூக்கி மேடையில வைங்க.”

சோதனை மேடையில் பாரத்தைக் கொடுத்து, தான் கொண்டுவந்த மீட்டரை மாட்டி, ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டார். அவ்வளவு நேரமும் முதலாளி நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

லேபிளில் இருந்தது எண்பத்தொன்பது சதவீதத் திறன். மீட்டர் காட்டியது எண்பத்தொன்பதரை.

ஆய்வாளர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். ஒயரைக் கழற்றித் திரும்ப மாட்டினார். எண்பத்தொன்பதரை. மோட்டாரின் முதுகைத் தொட்டார். அது பாட்டுக்குச் சமர்த்தாக, இளஞ்சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“அடக் கடவுளே! இதைப் போய் ஏன்யா ஒளிச்சு வச்சீங்க?”

மனைவி தம்பியின் விலாவில் இடித்தார். “சொல்லித் தொலைடா.”

“நான்தான் சார் இறக்கறப்ப கீழ போட்டுட்டேன்” என்றான் மச்சினன் தலையைக் குனிந்தபடி. “பின்பக்கம் பெயின்ட் உரிஞ்சுபோச்சு, பாருங்க. பெரிய ஆபீசர் கண்ணுல இதுவா படணும்னு அக்கா காலைலேர்ந்து ஒரே திட்டு.”

பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்துதான் இருந்தது.

ஆய்வாளருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெயின்ட் கீறலுக்கு இப்படி நடுங்குகிற அப்பாவிகளைத் திருடர்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டோமே என்று மனசு கேட்கவில்லை. நாற்பது மோட்டாருக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

“உங்களைத் தப்பா நெனச்சுட்டேம்மா. மனசுல வச்சுக்காதீங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது.”

“ஐயோ, பெரிய வார்த்தை சார்” என்றார் மனைவி.

ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் முதலாளி பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அம்மாடி! உயிர் போய் உயிர் வந்துச்சு. அடுத்த வருஷமும் இவரேதான் வருவாரா?”

“இவரே வரணும்னு வேண்டிக்கங்க!” என்றார் மனைவி, கையெழுத்தான தாளை மடித்துக்கொண்டே. “ஒண்ணும் தெரியாத மக்கு எவனாவது வந்து முன்வரிசையில கைக்கு வந்ததை எடுத்தான்னா நாம தொலைஞ்சோம்.”

“அது சரி, அத்தான் என்னத்துக்கு அந்த இருமு இருமுனாரு?” என்றான் தம்பி.

“அவரை விடுடா. நீ முதல்ல போட்டிக் கம்பெனி கடைக்குப் போய் அடுத்த வருஷத்துக்கு இன்னொரு மோட்டார் வாங்கிட்டு வந்து நம்ம பெயின்ட்டை அடிச்சு வை. நாப்பதுல நாம செய்யாதது இது ஒண்ணுதானே!”