காணாமல் போன இரண்டு அட்டைகள்

"டாக்டர், ரிசல்ட்ட அவரு முன்னால தமிழ்ல சொல்லாதீங்க. மலாய்லயும் வேணாம். இங்கிலீஷ்ல மட்டும் சொல்லுங்க, நான் புரிஞ்சுக்குவேன்."

ஈப்போ மருத்துவமனை அறையின் கதவை முதுகால் சாத்திக்கொண்டு சரளா கெஞ்சினாள். வெளியே அவள் கணவன் அர்ச்சுனன், கழுத்துக் கட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அவரு உடம்பப் பத்தி அவரே தெரிஞ்சுக்க வேணாமா?" என்றார் டாக்டர் பவித்ரன்.

"நல்லதா இருந்தா நானே சொல்லிடுவேன். கெட்டதா இருந்தா, மனுசன் அப்பவே ஒடிஞ்சு போயிருவாரு. அவங்க அப்பா அப்படித்தான் போனாரு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி, கூப்பிடுங்க."

அர்ச்சுனன் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். ஆங்கிலம் என்றால் அவனுக்கு பிரேக், கிளட்ச், கியரோடு சரி. அந்த ஒரு தைரியத்தில்தான் சரளா இப்படி ஏற்பாடு செய்தாள்.

அவளுக்கே கிளினிக் கடிதத்திலிருந்த பெரிய சொல் மகளின் அட்டைகளால்தான் விளங்கியது. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் ஷர்மினி, நீளமான சொற்களைக் கிரேக்க, லத்தீன் வேர்களாக உடைத்து மஞ்சள் அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள். ஒரு பக்கம் வேர், மறு பக்கம் தமிழில் பொருள். சாயங்காலமானால் அப்பன் அட்டையைத் தூக்கிப் பிடிப்பான். மகள் பொருள் சொல்வாள். பள்ளிக்கூட வாத்தியார் என்ற நினைப்பு வேறு அவனுக்கு.

போன மாதம் கிளினிக்கில் கொடுத்த கடிதத்தில், 'கார்சினோமா?' என்று இருந்தது.

"என்னா போட்டிருக்கு?" என்று கேட்டான் அர்ச்சுனன்.

"பெரிய ஆஸ்பத்திரில காட்டச் சொல்லிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று மழுப்பிவிட்டு, அவன் குளிக்கப் போன நேரத்தில் அட்டைகளைப் புரட்டினாள். கார்சின் என்றால் நண்டு. ஓமா என்றால் கட்டி. நண்டுக் கட்டியா? மீதியைக் கைப்பேசி சொன்னது. புற்றுநோய். சரளா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இரண்டு அட்டைகளையும் ஒளித்துவிடலாம் என்று போனால், ஓமா மட்டும்தான் இருந்தது. அதை அரிசி டின்னுக்குள் புதைத்தாள். மற்றது குப்பையோடு போயிருக்கும், தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, ரெண்டு கார்டு காணோம்" என்று ஷர்மினி வந்து நின்றபோது, "கண்ட எடத்துல போட்டா அப்படித்தான்" என்று அவளையே ஏசினாள்.

ஒரு மாதமாக அவள் அழுததெல்லாம் குளியலறையில்தான். அவனோ எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். ஒன்றே ஒன்றுதான் அவளை அரித்தது. நண்டு என்றால் உயிரை விடுகிறவன், கூட்டாளி கடலோர லூமுட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நண்டைக் குழம்பு வைத்துப் போட்டால், "வாய்க்குப் பிடிக்கல லா" என்று தட்டைத் தள்ளிவிட்டான். நோய் அவன் பசியைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அவள் பயந்தாள்.

"இட்ஸ் பினைன். ஜஸ்ட் எ லைப்போமா" என்றார் டாக்டர்.

ஓமா என்று காதில் விழுந்ததுமே சரளா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். வெறும் கொழுப்புக் கட்டி, ஆபத்தே இல்லை. அப்பாடா! அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எதுக்கு லா அழுவுற?"

"ஒண்ணுமில்லங்க. சும்மா கொழுப்புதானாம். நீங்க பயப்பட வேணாம்."

"நான் எங்க பயந்தேன்?" என்றான் அர்ச்சுனன்.

காரில் ஏறியதும், "போற வழியில பசார்ல நிறுத்துறேன். நண்டு வாங்கிச் சமை" என்றான். பசி திரும்பிவிட்டது! சரளாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பார்க்கிங் சீட்டைத் தேடி அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். சீட்டோடு சேர்ந்து வந்த ஒரு மஞ்சள் அட்டை அவள் மடியில் விழுந்தது. மூலைகள் மழுங்கி, வியர்வையில் மை கலங்கிப் போயிருந்தாலும், ஷர்மினியின் எழுத்து தெளிவாகத் தெரிந்தது: நண்டு.

சரளா அட்டையைத் திருப்பினாள். மறு பக்கத்தில் கார்சின்.

"கடுதாசில இருந்த எழுத்தோட இத ஒப்பிட்டுப் பாத்துட்டேன். நீ பாத்துடக் கூடாதுன்னுதான் எடுத்து வச்சேன்" என்றான் அவன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "அரிசி டின்னுல நீ ஒளிச்சு வச்சிருக்கிறதையும் எடு, ரெண்டையும் பிள்ளைகிட்ட குடுத்துடலாம்."