டீசல் சத்தம்

"இன்னொரு தடவை மிதிம்மா... நல்லா அழுத்தி மிதி!"

ஸ்டியரிங்கில் இருந்த பெண் ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இருபத்திரண்டு வருடத்து டீசல் கார் கடகடவென்று உறுமியது. பரிசோதகர் புகை மெஷினைப் பார்த்தார். மறுபடியும் சைபர்.

அவருக்கு ஆபீஸில் பட்டப்பெயரே 'புகையார்'. வண்டிப்புகையைத் தின்றே சர்வீஸை ஓட்டியவர். டீசல் கார்களுக்கு இன்றுதான் கடைசிக் கெடு. தேறாத வண்டி நேராக மதிலுக்கு அந்தப்புறம் இருக்கும் நசுக்கும் மெஷினுக்குப் போகவேண்டியதுதான். காலையிலிருந்து வந்த அத்தனையும் கறுப்பாகக் கக்கிவிட்டு அங்கேதான் போயின.

நம்பிக்கையில்லாமல் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாயில் வைத்துப் பார்த்தார். துளி கறுப்பு இல்லை. குழாய்கூடச் சுடவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"என் சர்வீஸ்ல இப்படியொரு வண்டியைப் பாத்ததே இல்லம்மா!"

பின் சீட்டிலிருந்த பெரியவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "நான் டாக்சியா ஓட்டின வண்டி சார்! சத்தத்தைக் கேட்டீங்களா, ராஜா மாதிரி! தேறிடும்ல?"

மகள் சட்டென்று இறங்கி, பரிசோதகரை முன்பக்கம் கூட்டிப்போனாள். "அப்பா காதுல விழாம பேசுங்க சார்" என்று கிசுகிசுத்தபடி பானெட்டைத் திறந்தாள்.

உள்ளே இன்ஜினே இல்லை. வரிசையாக பேட்டரிகள், நடுவில் ஒரு மோட்டார்.

"அப்ப... அந்தச் சத்தம்?"

"பழைய இன்ஜினைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெக்கார்டு பண்ணிக்கிட்டேன் சார். மிதிச்சா ஏறும், விட்டா இறங்கும். ஸ்பீக்கர் பின் சீட்டுக்கு அடியில. அதனால சீட்டும் பழைய மாதிரியே அதிரும்."

பரிசோதகர் குனிந்து மோட்டாரை உற்றுப் பார்த்தார்.

"இந்த வண்டியை ஓட்டித்தான் அப்பா என்னை எலெக்ட்ரிகல் படிக்க வெச்சாரு. டீசல் வண்டியெல்லாம் போகப்போகுதுன்னு கேட்டதும் ரெண்டு நாள் சாப்பிடலை. இது தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு சார். வண்டியை மாத்தினதுக்குப் பேப்பரெல்லாம் சரியா இருக்கு. சத்தமா மட்டும் படிச்சிடாதீங்க."

எத்தனையோ இன்ஜின்களைப் பார்த்த மனிதருக்குக் கண் கலங்கியது. பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவள் முத்திரை வாங்க கவுன்ட்டருக்கு ஓடினாள்.

அவர் பின் ஜன்னலருகே குனிந்தார். "தேறிடுச்சு ஐயா! உங்க வண்டி சாகாவரம் வாங்கிட்டு வந்திருக்கு!"

பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. மகள் கவுன்ட்டரில் நிற்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அவரை இன்னும் கிட்டே வரச்சொல்லிச் சைகை காட்டினார்.

"போன வாரம் சீட்டுக்கு அடியில ஒயர் கழண்டு, சத்தம் நின்னுபோச்சு சார். அவ கவனிக்கிறதுக்குள்ள நானே மாட்டிட்டேன்... பாவம், ஆசையா செஞ்சிருக்கா, எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க!"