நீல நார்

ஏரிக்கரை ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே மதிய வெயில் மேசைமேல் கொட்டுகிறது. தண்ணீர் சோதிக்கும் தங்கை நகர்ந்து இடம் விட, மீன்பிடிக்கிற அண்ணன் ஈரச் சட்டையோடு குனிந்து, ஒரு கண்ணை இடுக்கி நுண்ணோக்கிக்குள் பார்க்கிறார். காலையில் அவர் பிடித்த பொடிமீனின் குடலிலிருந்து எடுத்தவை கண்ணாடித் தகட்டில் கிடக்கின்றன. முடியைவிட மெல்லிய நீல நார்கள், நுனி பிய்ந்து, பாசி ஒட்டி.

"என்னம்மா இது, புழுவா?"

"பிளாஸ்டிக்ண்ணே. நீ தண்ணியில விட்ட பழைய வலையோட நார். கரையில கிடக்குற அந்த வலைத் துண்டையும் இதையும் சோதிச்சுப் பார்த்துட்டேன், ஒண்ணுதான்."

"அதைப் போட்டுப் பத்து வருஷமாச்சே! இந்நேரம் மக்கியிருக்கணுமே?"

"மக்காது. வெயில்லயும் அலையிலயும் பொடிஞ்சுக்கிட்டே இருக்கும். மீன் இரைன்னு முழுங்கிடும்."

"பொடிஞ்சு பொடிஞ்சு கடைசியில ஒண்ணுமில்லாமப் போயிடும்ல?"

"நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போகும். அவ்வளவுதான்."

அவர் நிமிரவில்லை. வீட்டில், பல் முளைத்த நாளிலிருந்து தன் மகளுக்கு இந்தப் பொடிமீனைத்தான் முள்ளோடு, குடலோடு மசித்து ஊட்டுகிறார்கள். சட்டைப்பையில் கைபேசி அடிக்கிறது. மனைவி.

"எங்க இருக்கீங்க? வீட்டுக்கு மீன் எடுத்து வெச்சீங்களா? பாப்பா பசியில கத்துறா."

அவர் தங்கையைப் பார்க்கிறார். அவள் தலை குனிந்துகொள்கிறாள்.

"வர்றேன்" என்கிறார். மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.