ட்ரைலரில் வராத காட்சி

திரைப்படக் கல்லூரியில் ட்ரைலர் எடுக்கச் சொன்னதும், சாதனா ஒரு வாரம் ட்ரைலர்களாகவே பார்த்துத் தள்ளினாள். பிறகு அப்பா பட்டாபியைப் பிடித்துக்கொண்டாள்.

"காதல் படத்து ட்ரைலர்னா பொண்ணோட அப்பா கத்தியே ஆகணும். நீங்கதான் அப்பா. என் கிளாஸ்மேட் அனிர்பான் ஹீரோ. பேரைக்கூட மாத்தலை, அப்பதான் இயல்பா வரும்."

பட்டாபிக்கு வாயெல்லாம் பல். ஆபீஸ் நாடகங்களில் கைதட்டல் வாங்கியவராயிற்றே! கொல்கத்தா லேக் மார்க்கெட் வீடே அதிரக் கத்தினார். அடுத்த காட்சியில், "அனிர்பான், என் பொண்ணு உனக்குத்தான்!" என்று கண் கலங்கி, பெங்காலியிலேயே வெளுத்து வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரைலரைப் பார்த்தவரின் முகம் தொங்கிப்போனது.

"கத்தினது மட்டும்தானேடி இருக்கு? நான் உருகி உருகி சம்மதிச்சது எங்கே?"

"முடிவை எந்த ட்ரைலர்லயும் காட்டறதில்லைப்பா."

"அப்புறம் எதுக்கு அதை எடுத்தே?"

அழைப்பு மணி அடித்தது. பட்டாபி கதவைத் திறந்தார். வாசலில் அனிர்பான் தலைகுனிந்து நின்றான். அவன் அம்மா கையில் பட்டுப்புடவைத் தட்டு. அப்பா கையில் ரசகுல்லா சட்டி.

"அந்த சீனை இவாளுக்கு மட்டும் அனுப்பினேன்ப்பா" என்றாள் சாதனா.