ஆறு மாதக் காற்று

தம்பி தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான். எனக்குப் பின்னால், நான்கு அடி தூரத்தில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிராயர் திறக்கும் சத்தம், வயர் சுருட்டும் சத்தம், டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம். எல்லாம் காதால்தான்.

நாளைக் காலை அவன் ஒரு பெரிய கம்பெனியில் சேருகிறான். பலூன் உடைக்கும் செல்போன் விளையாட்டு செய்கிற கம்பெனி. ஆறு வருடமாகப் பேரரசர்களுக்கு மூளை எழுதியவன் இனிமேல் பலூன்களுக்கு எழுதுவான்.

நாங்கள் இருவருமாகச் செய்துகொண்டிருக்கும் கணினி விளையாட்டின் களம் எழுநூறு வருடங்களுக்கு முந்தைய ஆசியா. ஒரு கடல், அதைச் சுற்றி நாற்பத்தொரு அரசுகள். வரைபடமும் விதிகளும் என் பொறுப்பு. எந்த அரசன் யாரோடு சேர வேண்டும், எப்போது காலை வாரிவிட வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. அலுவலகம் என்று பெயர்தான். இரண்டு மேசை, ஒரு கெட்டில், அவ்வளவே.

சண்டை காற்றால் வந்தது.

காற்று திரும்பும்வரை கப்பல்கள் துறைமுகத்திலேயே நிற்க வேண்டும் என்றேன். அந்தக் காலத்துக் கடல் அப்படித்தான். அரை வருடம் கிழக்கே தள்ளும், அரை வருடம் மேற்கே தள்ளும். ஆடுகிறவன் ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான் என்றான் அவன். பேச்சு எங்கெங்கோ சுற்றி, அந்தக் கம்பெனி அவனைக் கூப்பிட்டதில் வந்து நின்றது. போவதென்றால் போ, உன் கையை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அது நடந்து பதினெட்டு நாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் நேராகச் சமாதானம் பேச வராது. சின்ன வயதில் அம்மாவைத் தூது விடுவோம். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, அவனைச் சாப்பிட வரச் சொல்லும்மா என்பேன் நான். வளர்ந்த பிறகு அம்மாவின் வேலையை இந்த விளையாட்டு எடுத்துக்கொண்டது.

சோதனைக்காக எப்போதும் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் மேற்குக் கரைக்கு நான் அரசி, கிழக்குக் கரைக்கு அவன் அரசன். தூது வசதி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில், டீ வேண்டுமா என்று ஓலை அனுப்பிக்கொள்வோம். ஒருமுறை என் சார்ஜரைக் கேட்டு நாற்பது யானைகளோடு ஒரு தூதன் வந்தான்.

ஓலை வந்தால் மணி அடிக்கும். பதினெட்டு நாளாக அடிக்கவில்லை. நானும் அனுப்பவில்லை. மூத்தவள் எதற்கு இறங்கிப் போக வேண்டும்?

அவன் போகக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று அந்த ஆட்டத்தைத் திறந்தேன். நமக்கு ஒரு நாள் என்றால் அதில் பத்து நாள் ஓடும். சண்டைக்குப் பிறகு நான் அதன் பக்கமே போகவில்லை.

என் துறைமுகம் காலியாகக் கிடந்தது. கிழக்கிலிருந்து ஆறு மாதமாக ஒரு கப்பல்கூட வரவில்லை.

போகிற போக்கில் எதையோ கெடுத்து வைத்திருக்கிறான் என்று பற்றிக்கொண்டு வந்தது. எது கெட்டிருக்கிறது என்று பார்க்க, காலத்தை வேகமாக ஓடவிட்டேன்.

கடலின் நடுவே இருந்த சின்ன அம்புக்குறி மெல்லச் சுழன்று மேற்கு நோக்கித் திரும்பியது.

உடனே கிழக்குக் கரையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. பத்து, ஐம்பது, இருநூறு. ஆறு மாதமாக அங்கே நின்றுகொண்டிருந்தவை.

எதுவும் கெடவில்லை. நான் கேட்ட விதியை எழுதி வைத்திருக்கிறான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கப்பல் என் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. மணி அடித்தது.

பின்னால் வயர் சுருட்டும் சத்தம் நின்றது.

ஓலையைத் திறந்தேன்.

‘அக்கா, காத்து விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. எழுதிட்டேன். எனக்கு அங்க போக மனசே இல்ல. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.’

அனுப்பிய தேதி ஆறு மாதத்துக்கு முந்தியது. எங்கள் கணக்கில் பதினெட்டு நாள். சண்டை போட்ட அன்று சாயங்காலம்.

போர்க்கப்பல், வணிகக் கப்பல் என்று பிரிக்காமல், கப்பல் என்றாலே காத்திருக்கும்படி எழுதியிருக்கிறான் மடையன். தூதனும் கப்பலில்தான் வருவான் என்பது மறந்துவிட்டது. ஓலை போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பியவனுக்குத் தெரியக் கூடாது என்று முன்பே அடம்பிடித்து வைத்தவளோ நான்.

பதினெட்டு நாள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு பதிலுக்கு உட்கார்ந்திருக்கிறான். பிறகு நான் பேசாததையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்குச் சரி சொல்லியிருக்கிறான்.

ஓலைக்குக் கீழே பதில் எழுதக் கட்டம் திறந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: எதிர்காற்று, சென்று சேர ஆறு மாதம்.

நாற்காலியைத் திருப்பினேன்.

“போகாதடா.”

பாதி சுருட்டிய வயரோடு அவன் என்னையே பார்த்தான். பிறகு என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். துறைமுகத்தில் அவன் கொடி பறந்துகொண்டிருந்தது.

“இப்பத்தான் வந்து சேந்துச்சா?”

அந்த விதியை நாங்கள் இன்றுவரை மாற்றவில்லை. தூதுக் கப்பலும் காற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். டீ வேண்டுமென்றால் மட்டும் வாய் திறந்து கேட்டுக்கொள்கிறோம்.