மற்றவர்களுக்கான மாத்திரை

வாருங்கள், செஞ்சிக் கோட்டை மலையடியிலுள்ள இந்த வீட்டு வாசலில் நின்று, அன்பின் கையாலேயே ஓர் அநியாயம் நடப்பதைக் கண்ணாரப் பாருங்கள்! அந்தி வெளிச்சம் பாறைகளிலிருந்து வழுக்கி இறங்கி ஷோபனாவின் ஏழு மாத வயிற்றின்மேல் விழுகிறது. அவள் உள்ளங்கையில் பழுப்பு மாத்திரைகள். உதட்டருகே தண்ணீர்ச் சொம்பு. செவிலி நீலாஞ்சனா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். சொம்பு சிமெண்டுத் தரையில் உருண்டோடுகிறது. "யாரும்மா இத உன்ன முழுங்கச் சொன்னது? வயித்துப் புள்ளைக்கு ஆகாதும்மா!" கட்டிலில் கிடந்த ஷோபனாவின் கணவன் நெடுமாறன் எழுந்து உட்காருகிறான், ஒடிசாவில் போர்வெல் லாரியில் வேலை பார்த்து, மலேரியாவோடு திரும்பியவன். "நாந்தான் சிஸ்டர் குடுத்தேன். வெள்ள மாத்திர என் காய்ச்சலுக்கு, பழுப்பு மத்தவங்களுக்குப் பரவாம இருக்கன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? இந்த வூட்ல மத்தவங்கன்னா இவதானே?" "இவரு எனக்குன்னு ஆசயா குடுத்த மொத பொருளு, அதயும் புடுங்குறீங்களே!" என்று ஷோபனா சிரிக்கிறாள். நெடுமாறனின் ரத்தத்தில் தங்கும் கிருமியைக் கொசு எடுத்துச் செல்லாதிருக்க, இரண்டு மருந்தையும் அவனே விழுங்க வேண்டும் என்று விளக்க நேற்று நீலாஞ்சனாவுக்கு நேரமில்லை. ஷோபனாவின் ஈரக் கையில் மாத்திரைகள் ஒட்டிக் கிடக்கின்றன. நெடுமாறனின் புறங்கையில் ஒரு கொசு அமைதியாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறது. மருந்து கொடுப்போரே, பொட்டலத்தைத் திணித்துவிட்டு ஓடாதீர்கள்; உரியவர் விழுங்கும்வரை நின்று பாருங்கள்! வாங்குவோரே, யாருக்கு, எதற்கு என்பது புரியும்வரை அவர்களை வாசல் தாண்ட விடாதீர்கள்!